உயிருள்ள எடை

"பல்ரூதன் பிரபு பயந்து நீ எப்பவாவது பார்த்திருக்கியாம்மா?" என்று ஒரு கனவான் என்னிடம் கேட்டார்.

நான் அப்போது எடின்பரோவில் ஒரு விடுதியில் அடுப்புக்கரி சுமந்துகொண்டிருந்தேன். அவர் பிரபுவின் வாழ்க்கை வரலாற்றை எழுதுகிறவர். முதல் பாகத்தில் குதிரையும் துப்பாக்கியும், இரண்டாம் பாகத்தில் படகும் பனிக்கட்டியும். நான் பல்ரூதன் ஏரிக்கரையில் வளர்ந்தவள் என்று விடுதிக்காரி அவரிடம் சொல்லிவிட்டாள். நான் கரி வாளியைப் பார்த்தேன். தரையைப் பார்த்தேன். அவருடைய காலணியைப் பார்த்தேன். "சரி, இல்லைன்னே போட்டுக்கறேன்" என்று அவரே எழுதிக்கொண்டார். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது.

முக்கால்வாசி உண்மைதான். பிரபு பயப்படுவதில்லை. அந்த வேலைக்கு எங்கள் அப்பாவை வைத்திருந்தார்.

பிரபு ஆடாத ஆட்டம் கிடையாது. பத்தொன்பது வயதில் எழுபது மைல் நிற்காமல் நடந்தார். ஒருவேளை நிற்க நேர்ந்தால் உட்கார வேண்டுமே என்று ஓர் ஆள் பின்னாலேயே நாற்காலியைச் சுமந்துகொண்டு நடந்தான். நாற்காலி தேவைப்படவில்லை. பிரபு நடந்தது புத்தகத்தில் இருக்கிறது, நாற்காலி நடந்தது இல்லை. குதிரையில் வேலி தாண்டுவதென்றால், அந்தப் பக்கம் பள்ளம் இருக்கிறதா என்று குதிரைக்காரன் ஒருவன் முதலில் தாண்டிப் பார்ப்பான். பதினாறு வருடத்தில் குதிரைக்காரர்களுக்கு ஐந்து தோளெலும்புகளும் ஓர் இடுப்பும் முறிந்தன. பிரபுவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. யார் நல்ல சவாரிக்காரர் என்பது அதிலிருந்தே ஊருக்குத் தெரிந்துவிட்டது.

குளிர்காலத்தில் கல்லாட்டம். உறைந்த ஏரியின்மேல், கைப்பிடி வைத்த உருண்டைக் கருங்கல்லைத் தள்ளிவிட்டு, அதற்கு முன்னால் பெரிய மனிதர்கள் துடைப்பத்தால் பெருக்கிக்கொண்டே ஓடுவார்கள். வீட்டில் துடைப்பத்தைத் தொட்டறியாதவர்கள்தான் அங்கே மிக நன்றாகப் பெருக்குவார்கள். இதற்கென்று பல்ரூதனில் ஒரு சங்கம் இருந்தது. பிரபு தலைவர். கோட்டைக் காரியஸ்தர் தின்வுடி செயலாளர். போதகர் பிராட்ஃபுட் சங்கத்தின் ஆன்மிகப் பொறுப்பாளர். அறுபத்திரண்டு விதிகள்.

ஒன்பதாம் விதி அப்பாவைப் பற்றியது. எங்கள் ஊரில் ஆள் எடையைக் கல் கணக்கில் சொல்வார்கள், ஒரு கல் பதினாலு ராத்தல். பதினோரு கல் உயிருள்ள எடை கொண்ட ஆள் ஒருவன் ஏரியின் நடுவரைக்கும் நடந்துபோய், மூன்று முறை குதித்து, திரும்பி வந்து, "தாங்கும்" என்று சொன்ன பிறகுதான் பனி, பனியாகும். அதற்கு முன் அது வெறும் குளிர்ந்த தண்ணீர். அந்தக் காலத்தில் ஆளுக்குப் பதிலாகப் பீப்பாயை உருட்டிவிட்டார்களாம். பீப்பாய் திரும்பி வந்து அறிக்கை தராது என்பதால், 'உயிருள்ள' என்ற சொல்லைப் பிறகு சேர்த்தார்கள். இடுப்பில் கயிறு கட்டக்கூடாது. கயிறு கட்டினால் பனிமேல் சந்தேகம் தெரிவித்ததாகும், அது சங்கத்துக்கு அவமானம்.

அப்பாவுக்கு முன்னால் சோதனை ஆளாக இருந்தவர் வாட்டி மெக்ளூர். ஆறாவது குளிர்காலத்தில் பனி உடைந்து உள்ளே போனார். கொக்கி போட்டு இழுத்தார்கள். ஒன்பதாம் நாள் நெஞ்சுச் சளியில் செத்தார். சங்கத்தின் குறிப்பேட்டில் இருப்பதை நானே படித்திருக்கிறேன்: 'பனி சற்று மென்மையாக இருந்தது. மெக்ளூர் இறந்தது தன் படுக்கையில். ஆகவே ஏரியின்மீது குற்றமில்லை.'

புது ஆள் வேண்டும் என்று, கம்பளி நிறுக்கும் தராசில் நாற்பது ஆண்களை வரிசையாக ஏற்றினார்கள். எங்கள் அப்பா நினியன் கெர், வேலிச்சுவர் கட்டுகிறவர். சரியாகப் பதினோரு கல் இருந்தார். ஒரு ராத்தல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பிரபு இறங்கி வந்து தராசைத் தட்டிக்கொடுத்தார். எங்களுக்கு ஏரிக்கரையில் இரண்டு ஜன்னல் வைத்த வீடு கிடைத்தது. வேலை போனால் வீடும் போகும். அது பத்தாம் விதி.

"ஊர்ல எல்லாரும் ஆம்பளையக் கட்டிக்கிட்டாளுங்க. நான் எடைக்கல்லக் கட்டிக்கிட்டேன்" என்பாள் அம்மா.

சனிக்கிழமைதோறும் அப்பாவை நிறுத்தார்கள். எடை கூடியிருந்தால் அந்த வாரம் உருளைக்கிழங்கு கிடையாது என்று ஆணை வரும். குறைந்திருந்தால் கோட்டையிலிருந்து மாட்டுக்கொழுப்புப் போட்ட களி வரும். அதை அப்பா சங்கத்து உறுப்பினர் ஒருவர் முன்னிலையில் தின்ன வேண்டும். நாங்கள் பார்த்துக்கொண்டிருப்போம். வீட்டில் யாரோ அப்பாவின் களியைத் திருடித் தின்கிறார்கள் என்று காரியஸ்தருக்குச் சந்தேகம் வந்து, எங்கள் எல்லோரையும் வாராவாரம் நிறுத்து எழுதச் சொன்னார். அப்பா தின்பதை வேளாவேளைக்கு எழுதிவைக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. காரியஸ்தரே பள்ளிக்கூடத்துக்கு வந்து வாத்தியாரிடம், "இந்தப் பொண்ணுக்குத்தான் எழுத்து வந்துடுச்சே, இன்னும் எதுக்குப் பள்ளிக்கூடம்?" என்று கேட்டு என்னை அழைத்துப் போனார். எனக்குப் பன்னிரண்டு வயது. வாத்தியாரும் யோசித்துப் பார்த்து, எதுக்கு என்று தனக்கும் தெரியவில்லை என்றார்.

ஏரி உறைந்த நாட்களில் ஜன்னலில் நின்று அப்பாவின் அடிகளை எண்ணுவேன். நடுவரைக்கும் இருநூற்றுப் பத்து. திரும்பி வர இருநூற்றுப் பத்து. குதிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வேன். காதை மூட முடியாது, கை இரண்டும் ஜன்னல் கட்டையைப் பிடித்திருக்கும். ஒரு முறை நூற்று எழுபதில் நின்றுவிட்டார். காலடியில் ஏதோ ஓடிய சத்தம் வீடுவரைக்கும் கேட்டது. அப்படியே நின்றார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியவில்லை. நான் எண்ணுவதை மறந்துவிட்டேன். கரையில் காரியஸ்தர் பைக்கடிகாரத்தைப் பார்த்து, "என்னய்யா அங்க, கல்யாணமா நடக்குது?" என்று கத்தினார்.

எனக்குப் பதினாலு வயதான அந்தக் குளிர்காலத்தில், மலைக்கு அந்தப் பக்கத்துக் கார்ன்லீ பிரபு தன் முப்பது ஆட்களோடு போட்டிக்கு வருவதாக இருந்தது. வியாழக்கிழமை காலை. பிரபுவே தேதி குறித்திருந்தார். புதுவருடத்தில் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்துவிட்டார். எழுந்தபோது சட்டை அவர்மேல் தொங்கியது. சனிக்கிழமை தராசு ஒன்பதரைக் கல் காட்டியது. திங்கட்கிழமை தென்காற்று அடித்து மழை பெய்தது. ஏரி பாத்திரம் கழுவிய தண்ணீர் நிறத்துக்கு வந்தது.

செவ்வாய்க்கிழமை கோட்டைக் கூடத்தில் கூட்டம். சுவர் முழுக்க மான் கொம்புகள். பிரபுவின் காலடியில் அவருடைய வேட்டை நாய் பெஸ். அப்பா தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் சாப்பாட்டு ஏட்டோடு அவர் பின்னால் நின்றேன்.

"ஒன்பதரை" என்றார் காரியஸ்தர் தின்வுடி. "ஒன்பதரைக் கல் ஆளு நடந்தா அதுக்குப் பேரு சோதனை இல்ல பிரபு. உலாத்தல்."

"எசமான், ஏரி மேல தண்ணி நிக்குது" என்றார் அப்பா. "ஓரமெல்லாம் கரைய விட்டுப் பிரிஞ்சு கெடக்கு."

"நான் உன் எடையைத்தான் கேட்டேன் நினியன்" என்றார் பிரபு. "உன் அபிப்பிராயத்தைக் கேக்கல."

"காய்ச்சல் வந்துச்சுங்க."

"காய்ச்சலை அனுப்பினது ஆண்டவர்" என்றார் போதகர் பிராட்ஃபுட் அன்பாக. "எடையக் கொறைச்சது நீ."

பிரபு எழுந்து நின்றார். உட்கார்ந்துகொண்டு அவர் சொற்பொழிவு செய்வதில்லை. "என்னைப் பாரு. இருபது வயசுல குதிரை ஏறினப்ப என்ன எடையோ, இன்னைக்கும் அதே எடை. ஒரு ராத்தல் மாறல. அதுக்குப் பேரு ஒழுக்கம். தன் எடையக் காப்பாத்தத் தெரியாதவன் மத்தவன் உயிர எப்படிக் காப்பாத்துவான்? அறுபது பேரு உன்னை நம்பிப் பனி மேல எறங்கறாங்க நினியன். அவங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா என் மனசு தாங்குமா?"

எல்லோருக்கும் கண் கலங்கியது. அப்பாவுக்கும் வெட்கமாகிவிட்டது.

குறைந்த ஒன்றரைக் கல்லை எப்படி நிரப்புவது என்று ஆலோசித்தார்கள். பையில் இரும்பு போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தார் பிரபு. "இரும்புக்கு உயிர் இல்லையே பிரபு" என்றார் காரியஸ்தர். "ஆத்துமாவும் இல்ல" என்றார் போதகர். பிறகு போதகரின் பார்வை கீழே போனது.

"நம்ம பெஸ் ஒன்றரைக் கல் இருக்கும் போலிருக்கே. நினியன் தூக்கிக்கிட்டு நடக்கட்டுமே."

பிரபு துள்ளிக் குதித்தார். "பெஸ்ஸையா? அந்தப் பனி மேலயா? உமக்குப் புத்தி கெட்டுப்போச்சா? அது வெடிச்சுக் கெடக்குதய்யா!"

நெருப்பில் ஒரு கட்டை சரிந்தது. காரியஸ்தர் பேனாவைக் குறிப்பேட்டிலிருந்து மெதுவாக எடுத்து, ஏதும் எழுதாமல், துடைத்து வைத்தார்.

அடுத்து வாத்து. கோட்டையில் இருந்த வாத்துகள் சீமாட்டியினுடையவை. மார்ச்சில் கண்காட்சிக்குப் போகவேண்டியவை, ஈரம் ஆகாது. ஆட்டுக்குட்டிகள் இன்னும் பிறக்கவில்லை. காரியஸ்தர் என் கையிலிருந்த சாப்பாட்டு ஏட்டை வாங்கிப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்றார். அது வீட்டில் எல்லோருடைய எடையும் எழுதிய பக்கம்.

"மெய்ஸி" என்று என் தங்கையின் பெயரைப் படித்தார். "வயசு ஒண்ணு. இருபத்தோரு ராத்தல்."

இருபத்தோரு ராத்தல் என்பது சரியாக ஒன்றரைக் கல். அதை எழுதியது நான். கோடு போட்டு, அழகாக, இரண்டு தடவை சரிபார்த்து எழுதியிருந்தேன்.

"உயிருள்ள எடை" என்றார் காரியஸ்தர். அவர் குரலில் பக்தி இருந்தது. "அதே குடும்பம் வேற. வெளியாள் யாருக்கும் தொந்தரவு இல்ல."

"எசமான்..." என்றார் அப்பா.

"ஒரு வயசுலதான் என்னையும் குதிரை மேல ஒக்கார வச்சாங்க" என்றார் பிரபு. அவர் முகம் கனிந்திருந்தது. "அந்தக் குழந்தைக்கு இது வாழ்நாள் முழுக்க ஞாபகம் இருக்கும்."

"இடுப்புல வச்சுக்கோ நினியன்" என்றார் போதகர். "அந்த மூணு தடவ குதிக்கறப்ப மட்டும் கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சுக்கோ."

எதிர்ப்பு உண்டா என்று காரியஸ்தர் கேட்டார். நாங்கள் உறுப்பினர்கள் இல்லை என்பதால் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

வீட்டுக்கு வந்து அப்பா அம்மாவிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மெய்ஸி அப்பாவின் சட்டைப் பொத்தானை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருந்தாள். நான் அவளை இடுப்பில் தூக்கி மெல்ல ஒரு தடவை குதித்துப் பார்த்தேன். அவள் சிரித்தாள். நான் அவளைச் சட்டென்று கீழே இறக்கிவிட்டேன்.

புதன்கிழமை கோட்டையிலிருந்து சீட்டு வந்தது. 'வியாழன் காலை குழந்தைக்குக் கஞ்சி கொடுக்காமல் அனுப்பவும். எடை மாறக்கூடாது.' அம்மாவுக்கு எழுத்து தெரியாது. என்னைப் படிக்கச் சொன்னாள். படித்தேன். இன்னொரு முறை படிக்கச் சொன்னாள்.

அப்பாவின் பக்கம் திரும்பினாள். "நீ என்ன சொன்ன?"

"தொப்பிய கையில வச்சுக்கிட்டு நின்னேன் கிரிஸல்."

"அதான் கேக்கறேன். நீ என்ன சொன்ன?"

"வீடு போயிடும்."

"வீட்டுல யாரு இருக்கப் போறா?" என்றாள் அம்மா. அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அவள் திட்டாமல் இருந்தது எனக்கு ஏரியைவிடப் பயமாக இருந்தது.

வியாழன் காலை பத்து மணிக்குக் கரை முழுக்க வண்டிகள். கார்ன்லீ பிரபுவின் ஆட்கள் பச்சைத் தொப்பி, எங்கள் ஆட்கள் சிவப்புத் தொப்பி. ஆளுக்கொரு துடைப்பம். பெரிய அண்டாவில் மாட்டிறைச்சியும் முட்டைக்கோஸும் வெந்துகொண்டிருந்தன. தூறல். இத்தனை பேரில் ஒருவரும் ஏரிப் பக்கம் நெருங்கவில்லை. கைகளைத் தேய்த்துக்கொண்டு, "அருமையான பனி" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே பின்னால் நகர்ந்தார்கள். ஏரி பசித்த வயிறு மாதிரி அவ்வப்போது உறுமியது.

தராசைக் கரைக்கே கொண்டுவந்திருந்தார்கள். அப்பா மெய்ஸியைத் தூக்கிக்கொண்டு ஏறினார். சரியாகப் பதினோரு கல். கூட்டம் கைதட்டியது. மெய்ஸியும் தட்டினாள்.

"கார்ன்லீ, பார்த்தீரா!" என்றார் பிரபு. "எங்க சங்கத்துல பிறந்த குழந்தைகூட வேலை செய்யும்."

அப்பா இறங்கி ஏரியை நோக்கி நடந்தார். நான் வழக்கம்போல எண்ணத் தொடங்கினேன். ஒன்று. இரண்டு. பனி தொடங்குமுன் கரையிலேயே பதினாலு அடி இருந்தது. பன்னிரண்டில் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்றாள்.

"காலையிலேருந்து கஞ்சி குடிக்கல அவ. கொண்டா இங்க."

அப்பா கொடுத்துவிட்டார். அவ்வளவு சீக்கிரமாக அவர் எதையும் யாருக்கும் கொடுத்து நான் பார்த்ததில்லை. அம்மா ஆட்டக் கற்கள் வைக்கும் பெட்டிமேல் உட்கார்ந்து, மடியிலிருந்த தூக்கைத் திறந்து, மெய்ஸிக்குக் கஞ்சி ஊட்ட ஆரம்பித்தாள். இரண்டு பிரபுக்களும் அறுபது துடைப்பங்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அறுபத்திரண்டு விதிகளில் பசித்த குழந்தையைப் பற்றி ஒன்றும் இல்லை.

"தின்வுடி!" என்றார் பிரபு. "விதி என்ன சொல்லுது?"

காரியஸ்தர் விதிப் புத்தகத்தைத் திறந்தார். தூறலிலும் அண்டா ஆவியிலும் அவர் கண்ணாடி வெளுத்துப் போயிருந்தது. துடைத்தார், மறுபடியும் வெளுத்தது. "ஏய் எல்ஸ்பெத், இங்க வா. பதினொண்ணாம் விதியைப் படி. எல்லாருக்கும் கேக்கறமாதிரி சத்தமா."

நான்கு பேருக்கு மேல் இருக்கும் இடத்தில் நான் அதுவரை வாய் திறந்ததில்லை. புத்தகத்தை வாங்கினேன். படித்தேன்.

"விதி பதினொன்று. எடை குறைந்த சோதனை ஆள், சோதனை ஆள் அல்ல."

"அவ்வளவுதான்" என்றார் காரியஸ்தர் திருப்தியோடு. "நினியன் கெர் தகுதி இழந்தான். வீட்டைக் காலி பண்ற விஷயம் அப்புறம். போதும், குடு."

எனக்குப் பயத்தில் நிறுத்த முடியவில்லை. வண்டி இறக்கத்தில் ஓடுகிற மாதிரி வாய் ஓடியது. "விதி பன்னிரண்டு. சோதனை ஆள் இல்லாத நாளில், அவன் பொறுப்பு, பதினோரு கல் எடைக்கு மிக அருகில் உள்ள உறுப்பினரைச் சேரும். உறுப்பினர்களின் எடை புத்தகத்தின் கடைசியில் காண்க."

"போதும்னு சொன்னேன்!"

பக்கத்தைத் திருப்பினேன். என் விரல்தான் திருப்பியது. "தின்வுடி, பதினாறு கல், இரண்டு ராத்தல். போதகர் பிராட்ஃபுட், பதினாலு கல். தலைவர், பல்ரூதன் பிரபு, பதினோரு கல். சரியாக." அதன் கீழே வேறு மையில், பிரபுவின் கையெழுத்திலேயே ஒரு வரி இருந்தது. அதையும் படித்துவிட்டேன். "இருபது வயது முதல் மாறவில்லை."

காரியஸ்தர் புத்தகத்தை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

முதலில் பேசியவர் கார்ன்லீ பிரபு. "அடேயப்பா! நல்ல விதியா இருக்கே. ஆபத்துன்னா தலைவரே முன்னால நடக்கறது. எங்க சங்கத்துல இப்படி ஒண்ணு எழுதணும்னு எங்களுக்குத் தோணாமப் போச்சே. நடங்க பிரபு. நாங்க இங்கயே நிக்கறோம்."

பச்சைத் தொப்பிகள் எல்லாம் துடைப்பத்தைத் தோளில் வைத்து மரியாதை செய்தன. எங்கள் சிவப்புத் தொப்பிகளும் வேறு வழியில்லாமல் செய்தன. "ஆண்டவர் உங்களோட நடப்பார்" என்றார் போதகர், இரண்டடி பின்னால் தள்ளி நின்றுகொண்டு.

அப்பாவுக்குத்தான் மனம் கேட்கவில்லை. பிரபுவின் பக்கத்தில் போய்த் தாழ்ந்த குரலில், "எசமான், வண்டியில கயிறு இருக்கு. இடுப்புல..." என்றார்.

"கயிறு கூடாது" என்றார் காரியஸ்தர் பழக்கத்தில். சொன்ன பிறகுதான் யாரைப் பார்த்துச் சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்தது.

பிரபு முதுகை நிமிர்த்திக்கொண்டு கரை ஓரம் வரைக்கும் போனார். ஒரு காலை எடுத்துப் பனிமேல் வைத்தார். பனி மெல்லத் தாழ்ந்தது. கறுத்த தண்ணீர் காலணியின் நுனிமேல் ஏறியது. நடு ஏரியிலிருந்து நீளமாக ஒரு சத்தம் கிளம்பி அவர் காலடி வரைக்கும் ஓடி வந்து நின்றது. அவர் காலை எடுத்துக்கொண்டார்.

திரும்பியபோது அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். ஐந்து குளிர்காலம், வாசல்படியில் உட்கார்ந்து காலணி நாடாவைக் கட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் இருக்கப் பார்க்கும் அப்பாவின் முகம். அப்பாவுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

அம்மா கடைசிக் கரண்டிக் கஞ்சியை மெய்ஸியின் வாயில் வைத்துவிட்டு, தூக்கை மூடினாள். எல்லோரும் காத்திருந்தார்கள். பிரபு ஏதாவது சொல்வார் என்றுதான் நானும் நினைத்தேன். எந்த இடத்திலும் அவருக்கு ஒரு சொற்பொழிவு இருக்கும். அவர் வாய் இரண்டு தடவை திறந்தது. பிறகு துடைப்பத்தைக் கீழே வைத்தார், நனைந்த காலை மண்ணில் ஒரு முறை தேய்த்தார், சிவப்புத் தொப்பிகளும் பச்சைத் தொப்பிகளும் ஒதுங்கிய வழியில், யாரையும் பார்க்காமல், ஒரு வார்த்தை பேசாமல், கோட்டைக்குப் போகும் மேட்டில் ஏறிப் போய்விட்டார்.